கல் தேடிப் போனவன் தங்கிய மலை

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தை வாசிக்கும் பலருக்கு இமயமும் கங்கையும் கல் சுமந்த கனக விசயரும் நினைவில் நிற்கும் அளவுக்கு, வழியில் நிகழும் ஒரு தங்கல் நிற்பதில்லை. கண்ணகிக்குக் கல் எடுக்க வஞ்சியிலிருந்து புறப்பட்ட செங்குட்டுவன், தன் படையோடு முதலில் பாடியிறங்கிய இடம் நீலகிரியின் புறம். கால்கோட் காதை இதைச் சொல்கிறது. கொங்கணரும் கருநாடரும் குடகரும் வந்து அரசன் முன் ஆடுவதும், நூற்றுவர் கன்னர் அனுப்பிய சஞ்சயன் காணிக்கைகளோடு வந்து காத்திருப்பதும் இங்கேதான். தமிழிலக்கியத்தில் நீலகிரி என்ற பெயர் காணப்படும் பழைய இடங்களுள் இது முக்கியமானது. சிலை எடுப்பதற்காகவே நிகழ்ந்த ஒரு படையெடுப்பின் முதல் முகாமாக இம்மலை நம் காப்பியத்துள் நுழைகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்து நோக்க வேண்டும். கண்ணகி வேங்கை மரத்தின் கீழ் நின்றதையும் விண்ணேறியதையும் கண்டவர்கள் மலைக்குறவர்கள். அவர்கள் யாரையும் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே அவளைத் தம் குலத்தெய்வமாகக் கொண்டு பறையும் கொம்பும் முழங்கக் குரவையாடினார்கள். வழிபாடு அன்றே தொடங்கிவிட்டது. செய்தி அரசனை எட்டியபின்னரே கல்லைப் பற்றிய பேச்சு எழுகிறது. பொதியிலில் கல் எடுத்துக் காவிரியில் நீர்ப்படுத்தலாம், அல்லது இமயத்தில் எடுத்துக் கங்கையில் நீர்ப்படுத்தலாம் என இரு வழிகள் சொல்லப்படுகின்றன. அருகிலுள்ள பொதியிற்கல் தன் மறத்துக்குச் சிறப்பன்று என்று அரசன் கருதுகிறான். கல்லின் தூரம், கல்லை நாட்டுபவனின் வீரத்துக்கு அளவுகோலாகிவிடுகிறது. நம் காலத்தில் தூரத்தின் இடத்தை உயரம் பிடித்துக்கொண்டது என்பதைத் தவிர, சிலைகளின் அரசியலில் இந்த ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் நிகழ்ந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் வரலாற்று மாந்தர்கள் வானளாவ எழுந்து நிற்கும் காலம் இது. நர்மதைக் கரையில் 2018இல் திறக்கப்பட்ட வல்லபபாய் பட்டேலின் சிலை 182 மீட்டர். பெங்களூரு விமான நிலையத்தில் 2022இல் நிறுவப்பட்ட கெம்பேகவுடர் 108 அடி. ஐதராபாத்தில் 2023இலும் விஜயவாடாவில் 2024இலும் திறக்கப்பட்ட அம்பேத்கர் சிலைகள் பீடம் நீங்கலாக 125 அடி. இவற்றைப் பொதுக்கலை என்று கொள்வதா, அரசின் விளம்பரம் என்று தள்ளுவதா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. நீலகிரி மலைமேல் இப்படிப்பட்ட மாபெரும் உருவம் எதுவும் இதுவரை எழவில்லை. எழாத இடத்திலிருந்து எழுந்த இடங்களைப் பார்ப்பது சில விஷயங்களைத் தெளிவாக்கும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சாலையோரச் சிலை என்பது நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். பீடத்தின்மேல் நிற்கும் வெண்கல மனிதன் ஐரோப்பியர் வழியாக வந்தவன் என்பது மெய்தான். ஆனால் வழியோரத்தில் ஒரு மனிதனுக்காகக் கல் நாட்டும் வழக்கம் நம்முடையது. தொல்காப்பியம் அதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுத்துவைத்திருக்கிறது. சங்கப் பாடல்களில் நடுகற்கள் நிற்குமிடம் பெரும்பாலும் பாலை நிலத்து வழிகள். அவற்றைக் காண்போர் வழிச்செல்வோர். ஆநிரை மீட்டு மாய்ந்த ஒருவனின் பெயரும் செயலும் அக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கும். அகநானூற்றில் ஓர் அருமையான காட்சி உண்டு. வழியே செல்லும் மறவர்கள் தம் அம்புகளை நடுகல்லில் தீட்டித் தீட்டிக் கூராக்குகிறார்கள்; அதனால் எழுத்துகள் தேய்ந்துவிடுகின்றன; பின்னால் வரும் புதியவர்கள் அவற்றைக் கூட்டிப் படிக்க இயலாமல் கடந்துபோகிறார்கள். பொதுவிடத்தில் வைக்கப்பட்ட ஒரு நினைவுக்கு என்ன நேரும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிடவில்லை. அக்கற்கள் பெரும்பாலும் ஆளுயரத்துக்கு உட்பட்டவை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். அண்ணாந்து பார்ப்பதற்காக அவை நாட்டப்படவில்லை. குனிந்து படிக்க வேண்டியவை அவை.

நீலகிரியிலும் இத்தகைய கற்கள் உண்டு. கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களிலும் சோலூர், மேலூர் முதலான ஊர்ப்பக்கங்களிலும் புடைப்புச் சிற்பங்கள் கொண்ட கல்திட்டைகள் சென்ற நூற்றாண்டுகளிலேயே பதிவு செய்யப்பட்டுள்ளன. 1847இல் காங்கிரீவ் என்ற படைத்தலைவர் இம்மலையின் தொல்பொருள்களைப் பற்றிச் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழில் எழுதினார். தோடர்களைச் சித்தியர்களின் வழிவந்தோர் என்று நிறுவிவிடும் ஆர்வம் அவருக்கு இருந்தது. ஒரு மக்கள் கூட்டம் தன் மண்ணிலேயே தோன்றி வளர்ந்திருக்கலாம் என்ற எண்ணம் அக்காலத்து ஆய்வாளர்க்கு எளிதில் வருவதில்லை. அவருக்குப் பின் நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் கற்குவைகளைத் தோண்டி, கல்திட்டைகளைப் பட்டியலிட்டு, பழங்குடிகளின் வழக்கங்களைக் கேட்டெழுதினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1873இல், அந்நூல் வெளிவந்தது. அந்தச் சிற்பங்களில் போரிடும் வீரனும் மாடுகளும் ஞாயிறும் திங்களும் வருகின்றன. நாட்டியவர் யார், யாருக்காக என்பது பல கற்களில் இன்று விளங்காது. அகநானூற்று வழிப்போக்கர்களின் நிலைதான் நமக்கும்.

எழுத்துள்ள கல்லில் நீலகிரி மக்கள் வரும் இடம் வேறு விதமானது. போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனீசனைப் பற்றிய 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சாமராசநகரில் உள்ளது. அவன் தோடரை அஞ்சவைத்தான் என்றும் நீலமலையைக் கைக்கொண்டான் என்றும் அது பெருமை பேசுகிறது. தோடர் என்ற பெயர் வரலாற்றில் முதன்முதலாகப் பதிவாகும் இடமே, இன்னொருவன் வெற்றியின் அடையாளமாக அவர்கள் அஞ்சி நின்ற இடம். பின்னாளில் மலைமேல் எழுந்த நினைவுச் சின்னங்களை நோக்கும்போது இந்தக் கல்வெட்டை நாம் மறக்கக் கூடாது.

இனி சமவெளிக்கு இறங்குவோம். சென்னையில் சர் தாமஸ் மன்றோவின் குதிரைமேல் அமர்ந்த வெண்கலச் சிலை 1839இல் நிறுவப்பட்டது. இலண்டனில் பிரான்சிஸ் சான்ட்ரி வடித்தது. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை என்று இன்றும் அதைக் காட்டிக் கதை சொல்வார்கள். மன்றோ ஆளுநராக இருந்தபோது, 1826இல், நீலகிரிக்கு வந்து ஜான் சல்லிவனின் விருந்தினராகத் தங்கியவர். அம்மலையின் குளிரையும் காட்சிகளையும் வியந்து மனைவிக்குக் கடிதம் எழுதியவர். மறு ஆண்டே காலராவில் இறந்தார். ரயத்துவாரி முறையின் நினைவோ, மக்களிடம் அவர் பழகிய விதமோ, அவர் சிலை மேல் யாரும் கைவைக்கவில்லை. ஆங்கிலேயர் பெயர்களும் சிலைகளும் ஒவ்வொன்றாக அகற்றப்பட்ட பின்னும் மன்றோ தீவுத்திடலருகே குதிரைமேல் இருக்கிறார்.

அதே நகரில், அதே ஆட்சி நிறுவிய இன்னொரு சிலைக்கு வேறு கதி நேர்ந்தது. 1857 எழுச்சியை ஈவிரக்கமின்றி ஒடுக்கி, இலக்னோவில் இறந்த படைத்தலைவன் நீல் என்பவனின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் அதை அகற்றக் கோரித் தொண்டர்கள் தொடர்ந்து போராடிச் சிறை சென்றார்கள். அவர்களுள் பெண்களும் இருந்தனர்; கடலூர் அஞ்சலை அம்மாளின் பெயர் இன்றும் நினைவுகூரப்படுகிறது. 1937இல் இராஜாஜி அமைச்சரவை பதவியேற்றபின் சிலை சாலையிலிருந்து எடுக்கப்பட்டு அருங்காட்சியகத்துக்குச் சென்றது. உடைக்கப்படவில்லை, இடம் மாற்றப்பட்டது. சாலையில் நிற்கும்போது ஒரு சிலை ஆணையிடுகிறது. அருங்காட்சியகத்தில் நிற்கும்போது அது சான்று மட்டுமே. இந்த வேறுபாட்டை 1937இல் உணர்ந்து செயல்பட்டவர்களின் நிதானம் இன்றைக்குச் சற்று வியப்பளிக்கிறது.

1968 சனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் எழுந்த சிலை வரிசை இதற்கெல்லாம் பதில் போன்றது. வள்ளுவர், ஔவை, கம்பர், பாரதி, பாரதிதாசன் ஆகியோரோடு வீரமாமுனிவரும் போப்பும் கால்டுவெல்லும் நின்றார்கள். மொழிக்குத் தொண்டு செய்தவர்களே ஒரு நகரத்தின் கடற்கரையை நிறைத்தது உலகில் அடிக்கடி நிகழ்வதன்று. தமிழ் கற்றவர் என்ற முறையில் அவ்வரிசையை நாம் எப்போதும் நெகிழ்ச்சியோடுதான் கடந்திருக்கிறோம். அவ்வரிசையில் கண்ணகியும் உண்டு, கையில் சிலம்போடு. 2001 டிசம்பரில் அச்சிலை அகற்றப்பட்டது. ஆட்சி மாறியபின் 2006 சூனில் மீண்டும் நிறுவப்பட்டது. செங்குட்டுவன் இமயத்துக்குப் போய்வந்து நாட்டிய கல்லுக்கு இப்படியொரு கதி நேர்ந்ததாக இளங்கோ எழுதவில்லை.

சிலை நாட்டும் ஆர்வம் ஊர்தோறும் பரவியபோது சாலைச் சந்திப்புகள் போர்க்களங்களாயின. 2013 சனவரியில் உச்ச நீதிமன்றம், பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் போக்குவரத்துக்கு இடையூறாகச் சிலை அமைக்க இனி அனுமதி வழங்கக் கூடாதென மாநிலங்களுக்கு ஆணையிட்டது. தமிழகத்தின் பல ஊர்களில் அம்பேத்கரும் பெரியாரும் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார்கள். சிலையைக் காப்பதற்காகக் கூண்டு என்கிறது காவல்துறை. விடுதலை பேசியவரைக் கம்பிகளுக்குப் பின்னால்தான் நிறுத்திவைக்க முடியும் என்றால், அச்சிற்பம் அந்த ஊரைப் பற்றித் தன் பீடத்திலுள்ள எழுத்தைவிட உண்மையாக ஏதோ சொல்லிவிடுகிறது.

உயரம் இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வாகவும் தோன்றியிருக்கலாம். கைக்கெட்டாத சிலைக்குக் கூண்டு வேண்டாம் அல்லவா? கன்னியாகுமரியில் 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையை இவ்வகையில் மிகச் சிறந்ததாகவே நாம் கருதுகிறோம். கணபதி ஸ்தபதி அதை மரபான கற்றளி முறையில், கல்மேல் கல் அடுக்கி எழுப்பினார். 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் அதிகாரங்களுக்கு, 95 அடி உருவம் பொருளுக்கும் இன்பத்துக்குமான அதிகாரங்களுக்கு என உயரம் அங்கே நூலின் கணக்கிலிருந்து பிறக்கிறது. எவரையும் விட உயரமாக இருக்க வேண்டும் என்ற போட்டியில் அது பிறக்கவில்லை. முகமே அறியப்படாத ஒரு புலவருக்கு, 1960களில் ஓவியர் வேணுகோபால் சர்மா வரைந்து நிலைபெற்ற தோற்றம் இருந்தும், ஸ்தபதி சிற்ப நூலின் வழியில் இடை வளைந்த நிலையைத் தந்தார். 2004 ஆழிப்பேரலை அதன் பீடத்தின்மேல் மோதித் திரும்பியது. மேலும், அதன் பின்புலம் கடல். தொடுவானம் ஒரு கோடாகக் கிடக்கும் இடத்தில் 133 அடி என்பது உண்மையாகவே உயரம்.

மலையில் இது செல்லாது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் சரிவில் நூறடிச் சிலையை நிறுத்தினால், கீழ்ச்சாலையிலிருந்து பார்ப்பவனுக்கு அது யூகலிப்டஸ் மரங்களுக்கிடையில் இன்னொரு மரம். பாதி நாள் மூடுபனி அதை விழுங்கிவிடும். மலையில் சிலை பெரிதாகத் தெரிய வேண்டுமானால் மலையையே செதுக்க வேண்டும். அதைச் செய்து பார்த்த நாடும் உண்டு. அமெரிக்காவின் கருங்குன்றங்களில் 1927 முதல் 1941 வரை, நான்கு குடியரசுத் தலைவர்களின் முகங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ அறுபதடி உயரத்தில் ரஷ்மோர் மலையில் குடையப்பட்டன. அக்குன்றங்கள் லகோட்டா மக்களுக்குப் புனிதமானவை. 1868 ஒப்பந்தம் அவற்றை அவர்களுக்கே உறுதி செய்திருந்தது. தங்கம் கிடைத்ததும் ஒப்பந்தம் காற்றில் போனது. 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நூறு மில்லியன் டாலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டை உறுதி செய்தது. லகோட்டா மக்கள் பணத்தைப் பெற மறுத்துவிட்டார்கள். மலைதான் வேண்டும் என்றார்கள். அதற்குச் சிறிது தொலைவில் அம்மக்களின் தலைவர் கிரேசி ஹார்சுக்கு 1948இல் தொடங்கிய மலைச்சிற்பம் இன்னும் முடிந்தபாடில்லை. படம் பிடிக்க இசையாதவர் என்று சொல்லப்படும் ஒருவருக்கு ஒரு மலையளவு முகம்! நர்மதைக் கரையிலும் பட்டேல் சிலைப் பகுதியின் ஆதிவாசிகள் தம் நிலத்துக்காகக் குரலெழுப்பினார்கள் என்பதை இதனோடு சேர்த்துப் படித்தால், மாபெரும் சிலைகளுக்குத் தேவைப்படும் முதல் பொருள் வெண்கலமன்று, இன்னொருவரின் நிலம் என்பது புலப்படும்.

நீலகிரியில் நிலத்தின் கதையைத் தொடங்குவதாயின் சல்லிவனிடம் வர வேண்டும். கோவையின் ஆட்சியராக இருந்த அவர் 1819இல் மலையேறினார். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு, பாழடைந்து கிடந்து பின்னர் புதுப்பிக்கப்பட்டு, நினைவில்லமாகியிருக்கிறது. உதகையில் அவர் எழுப்பிய கல்வீடு இன்று அரசு கலைக் கல்லூரியின் பகுதி. உதகமண்டலம் என்ற பெயருக்கே ஒற்றைக்கல் மந்து என்பது மூலம் என்று ஒரு விளக்கம் உண்டு. தோடர் குடியிருப்பொன்றின் தனிக்கல் ஊர்ப்பெயராயிற்று என்பது அதன் உட்கிடை. அம்மந்தின் நிலத்தை ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கில் சல்லிவன் வாங்கினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஆனால் அதே சல்லிவன்தான், இந்த மலை தோடர்களுக்கு உரியது, அவர்களுக்கு ஈடு தராமல் எடுக்க அரசுக்கு உரிமையில்லை என்று மேலிடத்தோடு வாதாடியவர். ஆளுநர் லஷிங்டனோடு அவருக்கு நேர்ந்த பிணக்குகளில் இதுவும் ஒன்று. வாங்கியவரும் அவரே, உரிமை பேசியவரும் அவரே. 1838இல் மனைவியையும் மகளையும் அடுத்தடுத்து இழந்து, புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில் அவர்களை அடக்கிவிட்டுச் சென்றவர் 1855இல் இங்கிலாந்தில் மறைந்தார்.

2022 மே மாதம், உதகையின் இருநூறாம் ஆண்டை ஒட்டி, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சல்லிவனின் சிலையை உதகையில் திறந்துவைத்தார். உதகையை உருவாக்கியவர் என்பது அவருக்கு வழங்கும் புகழுரை. உருவாக்கியவர் என்ற அச்சொல்லின் முன் நாம் சற்றுத் தயங்குகிறோம். பென்னிகுயிக்கைத் தேனி மாவட்டத்து உழவர்கள் கொண்டாடுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. முல்லைப் பெரியாற்று நீர் வயலில் பாய்கிறது. அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டிய குடும்பங்கள் உண்டு. சிலையும் மணிமண்டபமும் அதற்குப் பின் வந்தவை. சல்லிவனுக்கு நன்றி சொல்வோர் உருளைக்கிழங்கையும் முட்டைக்கோசையும் சாலையையும் நகரத்தையும் குறிப்பிடுகிறார்கள். மந்துகளைச் சுற்றிச் சுருங்கிய புல்வெளியைப் பற்றி ஒரு சிலையால் பேச இயலாது. அவரது இரு முகங்களையும் ஒரு பீடத்தில் நிறுத்தும் சிற்பி இனித்தான் பிறக்க வேண்டும்.

வேறு சின்னங்களும் மலைமேல் உண்டு. உதகை சேரிங்கிராசில் நிற்கும் நீரூற்று, 1881இல் இங்கேயே இறந்த ஆளுநர் வில்லியம் பாட்ரிக் ஆடம் என்பவரின் நினைவு. சில மாதங்களே பதவியில் இருந்தவர். நீரூற்றைப் படம் எடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை, ஆடம் யாரென்று கேட்டவரும் இல்லை. உதகை-குன்னூர் சாலையில், 2009இல் மானெக்ஷா பெயர் சூட்டப்பட்ட பாலத்தின் அருகே, அவரது கருங்கல் சிலை 2014இல் திறக்கப்பட்டது. அமிர்தசரசில் பிறந்த பார்சி. வெலிங்டனில் பணியாற்றி, குன்னூரில் வாழ்ந்து, 2008இல் வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் மறைந்து, உதகையின் பார்சிக் கல்லறையில் மனைவியின் பக்கத்தில் அடங்கியவர். இம்மலையின் வரலாற்றுச் சிலைகளில் இதுவே தன் இடத்தோடு மிகவும் பொருந்தி நிற்பதாக நமக்குப் படுகிறது. அவர் அச்சாலையில் பலமுறை போய்வந்தவர். அவரை அறிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

மலையின் பழங்குடிகள் தம் முன்னோரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி எஞ்சுகிறது. 1901-02இல் தோடர்களிடையே தங்கிய ரிவர்ஸ், 1906இல் வெளியிட்ட நூலில், அவர்களின் வேண்டுதல்களில் ஓதப்படும் தனிப் பெயர்களை விரிவாகப் பதிவு செய்தார். குன்றுகளுக்கும் எருமைகளுக்கும் பால்மனைகளுக்கும் அன்றாடப் பெயருக்கு மேல் ஒரு வழிபாட்டுப் பெயர் உண்டு. எமனோ 1930களில் கேட்டுத் தொகுத்து 1971இல் வெளியான தோடர் பாடல்களிலும் இடப்பெயர்கள் இணையிணையாக அடுக்கப்பட்டு வருகின்றன. அவர்கள் சிகரத்தின்மேல் உருவம் வைக்கவில்லை, சிகரமே தெய்வம். படகர்களின் ஹெத்தை மூதாட்டியாக வாழ்ந்து தெய்வமானவள். ஹெத்தை என்ற சொல்லின் பொருளே அதுதான். அவளுக்குரிய திருவிழாவுக்கு வெண்ணாடை உடுத்து ஊர் ஊராக நடந்து பேரகணியில் கூடுகிறார்கள். வேங்கை மரத்தடியில் குரவையாடியவர்களை இவர்களோடு சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெயராலும் நடையாலும் காக்கப்படும் நினைவுக்கும் ஆபத்து உண்டு. சொல்லும் வாய் குறைந்தால் அது போய்விடும். தோடர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டாயிரமே.

பெயராலும் பாட்டாலும்கூட நினைக்கப்படாத மக்கள் தேயிலைச் சரிவுகளில் இருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நடுவட்டப் பகுதியில் சின்கோனா, தேயிலைத் தோட்ட வேலைக்கு வைக்கப்பட்ட சீனக் கைதிகளை அவர்களின் சிறை மட்டும் நினைவூட்டுகிறது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கையின் மலையகத் தமிழர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அவர்களைக் குடியமர்த்த 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டு, பின்னர் டான்டீ நிறுவனமாயிற்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் எனப் பரவிய அக்குடும்பங்கள் புதர்க்காடுகளை வெட்டித் திருத்தித் தேயிலை நட்டன. இன்று பயணிகள் வண்டியை நிறுத்திப் பார்த்து மகிழும் அந்தப் பச்சைச் சரிவுகளில் பல அவர்களின் கைவேலை. ஒரு மனிதக் கூட்டம் மலையளவுக்குச் செய்த சிற்பம் என்று அதைச் சொன்னால் உவமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவர்களுக்கும் நூறடியில் ஒரு சிலை வேண்டும் என்று நாம் கேட்கப்போவதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவத்தை நிறுத்தினால் அவளும் பயணிகளின் படத்துக்குப் பின்புலமாகிவிடுவாள். நாம் விரும்புவது பழைய வகைக் கல்லை: இடுப்பளவு உயரம், வளைவுச் சாலையின் ஓரம், எந்த ஆண்டு எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை குடும்பங்கள் இங்கு வந்திறங்கின, இந்தச் சரிவை யார் திருத்தினார்கள் என்ற எழுத்து. மந்துகளின் அருகில் அம்மந்தின் தோடர் பெயர் பொறித்த ஒரு கல், அவர்கள் இசைந்தால். அதற்குக் கல் இமயத்திலிருந்து வர வேண்டியதில்லை. கல்லுடைக்கும் வேலைக்குக் கோத்தர்களின் கம்பட்டறையில் உளி அடித்துத் தருவார்கள். அம்மலையின் கொல்லர்கள் நெடுங்காலம் அவர்களே.